மொபைலுக்குள் ஒரு நூலகம்... ஸ்கேன் செய்தால் மட்டும் போதுமா? திருவண்ணாமலை சொல்லித்தரும் மின்னூல் பாடம்!

திருவண்ணாமலை செங்கம் சாலையில், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது ரமணாசிரமம். தரிசனம் முடித்துத் திரும்பும் பலர் அங்குள்ள புத்தகக் கடையில் கொஞ்ச நேரம் நிற்பார்கள். தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, ஆங்கிலம்... ஒரே மனிதரின் சொற்கள் இத்தனை மொழிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், 'இதை எல்லாம் மொத்தமா ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டா வேலை முடிஞ்சுதே' என்று தோன்றும்.

உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் தாத்தாவின் புத்தகப் பெட்டியைப் பார்க்கும்போதும் இதே யோசனை வந்திருக்கும். நல்ல யோசனைதான். ஆனால், ஸ்கேன் என்பது முதல் படி மட்டுமே. அங்கேயே நின்றுவிட்டால் உங்களிடம் இருப்பது புத்தகத்தின் போட்டோ ஆல்பம். தேடினால் கிடைக்கணும், கிடைத்தால் படிக்க முடியணும், 30 வருஷம் கழித்தும் திறக்கணும். இந்த மூன்றும் இருந்தால்தான் அது மின்நூலகம்.

இந்த மூன்றையும் எப்படிக் கொண்டுவருவது? ரமணாசிரம அலமாரியையே உதாரணமாக வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

ஏன் இந்த அலமாரி?

ஒரு மின்நூலகத்துக்கு வரக்கூடிய சிக்கல்கள் அத்தனையும் இங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன.

'நான் யார்?' என்ற சிறு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். 1902-ம் ஆண்டு வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாமல் இருந்த ரமணர் மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டிய பதில்கள்தான் அதன் மூலம். மணலில் எழுதியது எத்தனை நிமிஷம் நிற்கும்? கேட்டவர் குறித்து வைத்ததால் தப்பித்தது. அது அச்சில் வந்தது 1923-ல். பிறகு ரமணரே அதைக் கட்டுரை வடிவிலும் எழுதினார். ஆக, கேள்வி பதிலாக ஒரு வடிவம், கட்டுரையாக ஒரு வடிவம். கேள்விகளின் எண்ணிக்கையும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். 'நான் யார்?' என்று தேடுபவருக்கு எதைக் காட்டுவீர்கள்?

அடுத்து, 'உபதேச உந்தியார்'. 30 பாடல்கள். தமிழில் எழுதிய ரமணரே அதைத் தெலுங்கு, சம்ஸ்கிருதம், மலையாளத்திலும் எழுதினார். இவற்றை 'மொழிபெயர்ப்பு' என்று பட்டியலில் போடலாமா? போடக் கூடாது. நான்குக்கும் ஆசிரியர் ஒருவரே.

இன்னொரு பக்கம், 1935 முதல் 1939 வரை ஆசிரமத்தில் நடந்த உரையாடல்களை முனகால வெங்கடராமையா ஆங்கிலத்தில் குறித்து வைத்தார். ரமணர் தமிழில் சொன்னது ஆங்கிலக் குறிப்பாகி, அதிலிருந்து மறுபடியும் தமிழுக்கு வந்திருக்கிறது. சூரி நாகம்மா தன் கடிதங்களைத் தெலுங்கில் எழுதினார். 'எந்த மொழியில் இருக்கிறது?' என்பதோடு, 'முதலில் எந்த மொழியில் எழுதப்பட்டது?' என்றும் பட்டியல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், மொழிபெயர்ப்பாளரின் சொல்லை மூலச் சொல் என்று நம்பி யாராவது கட்டுரை எழுதிவிடுவார்கள்.

ரமணரும் புத்தக வேலை தெரிந்தவர்தான். பிரிந்துபோன புத்தகங்களை பைண்டிங் செய்வார். அச்சகத்திலிருந்து வரும் புரூஃபைத் திருத்துவார். கணினி வந்த பிறகும் அந்த இரண்டு வேலைகளும் போகவில்லை. ஒன்று கோப்பைக் கட்டுவது, இன்னொன்று பிழை பார்ப்பது.

ஸ்கேன் செய்வதற்கு முன்...

பழைய தாள் சட்டென்று ஒடியும். புத்தகத்தை 180 டிகிரி விரித்து ஸ்கேனர் கண்ணாடியில் அழுத்தினால், முதுகுத் தையல் பிரிந்துவிடும். பாதி திறந்த நிலையில் தாங்கி வைத்து, மேலிருந்து கேமராவால் எடுப்பது நல்லது. இரண்டு பக்கமும் சாய்வாக ஒரே அளவு வெளிச்சம் போதும். ஃபிளாஷ் வேண்டாம். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டவே ஒட்டாதீங்க. சில வருஷத்தில் அதன் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

அச்சுப் புத்தகத்துக்கு 300 டிபிஐ தரம் போதும். அடிக்குறிப்பு போன்ற பொடி எழுத்து இருந்தால் 400 வைக்கலாம். சுருக்கப்படாத 'டிஃப்' கோப்பாக ஒரு மூலப்பிரதி வையுங்கள். 'ஏ5' அளவுள்ள ஒரு பக்கம் வண்ணத்தில் சுமார் 13 எம்பி வரும். 200 பக்கப் புத்தகம் என்றால் 2.6 ஜிபி. மூலப்பிரதி பெட்டியில் பூட்டி வைப்பதற்கு. வாசகருக்குத் தருவதற்கு இதிலிருந்து சிறிய பிரதியை எடுத்துக்கொள்ளலாம்.

படம் எழுத்தாக மாறணும்

படத்தில் இருக்கும் எழுத்தைக் கணினி 'படம்' என்றுதான் பார்க்கும். அதைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றுவது ஓசிஆர். 'டெசராக்ட்', கூகுள் டிரைவ் இரண்டிலும் தமிழுக்கு இந்த வசதி இருக்கிறது. கட்டணமும் இல்லை.

பழைய புத்தகங்களில்தான் தலைவலி. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் அச்சான நூல்களில் லை, னை, ணை, றா, னா போன்ற எழுத்துகளுக்கு வேறு உருவம். துதிக்கையைத் தூக்கிய மாதிரி கொம்பு போட்ட அந்த 'லை'யைப் பாட்டி வீட்டுப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். புதிய எழுத்துகளில் பழகிய மென்பொருள் இதைப் பார்த்து முழிக்கும். 'ர'வையும் துணைக்காலையும் குழப்புவது தனி.

'99 சதவிகிதம் சரியா வருதே' என்று சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு கணக்கு. ஒரு பக்கத்தில் 1,500 எழுத்து என்றால், 1 சதவிகிதப் பிழை என்பது பக்கத்துக்கு 15 தவறு. 200 பக்கத்துக்கு 3,000 தவறு! அதனால்தான் தமிழ் விக்கிமூலத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறம் வைத்திருக்கிறார்கள். மெய்ப்பு பார்க்காதது சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இரண்டாவது ஆளும் சரிபார்த்தது பச்சை. எந்தப் பக்கத்தை எவ்வளவு நம்பலாம் என்று வாசகருக்கு வெளிப்படையாகத் தெரிகிறது. உங்கள் நூலகத்திலும் இந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்கேனர் வசதி பரவலாவதற்கு முன்பே தமிழில் இந்த வேலை தொடங்கிவிட்டது. 1998 பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு.கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் சங்க இலக்கியம் தொடங்கி நூல் நூலாகத் தட்டச்சு செய்தார்கள். சம்பளம் கிடையாது. இன்று நீங்கள் போனில் இலவசமாகத் தேடிப் படிக்கும் பழந்தமிழ் நூல்களில் பல, அப்படி யாரோ ஒருவர் இரவில் உட்கார்ந்து தட்டியவை.

அந்த ஃபான்ட் இல்லைன்னா..?

அந்தக் காலத் தட்டச்சில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை. பாமினியில் அடித்த கோப்பை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரி தெரியும். 1990-களில் டிடிபி செய்த எத்தனையோ புத்தகங்களின் கோப்புகள் இன்று இப்படித்தான் கிடக்கின்றன.

இதற்குத் தீர்வு யூனிகோட். 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. மதுரைத் திட்டமும் 'தகுதரம்' என்ற குறியீட்டில் இருந்து, பிறகு யூனிகோடுக்கு மாறியது. உங்கள் வீட்டில் பழைய ஃபான்ட்டில் அடித்த கோப்பு ஏதாவது இருந்தால், அதை யூனிகோடுக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. ஸ்கேன் அப்புறம்.

ஒரு சின்ன டெஸ்ட். உங்களிடம் இருக்கும் தமிழ் பிடிஎஃப் ஒன்றைத் திறந்து, 'கொ' அல்லது 'தோ' வரும் ஒரு சொல்லை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் பேஸ்ட் செய்து பாருங்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று உடைந்து விழுந்தால், அந்தக் கோப்பு பார்க்கத்தான் தமிழ். தேடலுக்கு அது உதவாது.

பிடிஎஃப்பா, ஈபப்பா?

1993-ல் அடோபி அறிமுகப்படுத்திய பிடிஎஃப், அச்சுப் பக்கம் மாதிரி. எந்த வரி எங்கே முடிகிறதோ அங்கேயேதான் முடியும். மேற்கோள் காட்ட, பக்க எண் சொல்ல, பிரின்ட் எடுக்க இதுதான் வசதி. ஆனால் போனில்? விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்கணும். பத்து பக்கத்தில் அலுத்துவிடும்.

2007-ல் வந்த ஈபப் வேறு மாதிரி. பாத்திரத்துக்கு ஏற்ற வடிவம் எடுக்கும் தண்ணீர் போல, திரைக்கு ஏற்றபடி வரிகள் தானே மாறிக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கலாம், பின்னணியைக் கறுப்பாக்கலாம். 2.6 ஜிபி இருந்த புத்தகம் எழுத்து வடிவில் சில எம்பிக்குள் அடங்கிவிடும். நெட் சரியாக வராத ஊரில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி, யோசித்துப் பாருங்கள்! 'சிஜில்', 'காலிபர்' போன்ற இலவச மென்பொருள்களில் இதை வீட்டிலேயே தயாரிக்கலாம்.

ஆனால், செய்யுள் வந்தால் ஈபப்பிலும் கவனம் வேண்டும். ரமணர் 1928-ல் எழுதிய 'உள்ளது நாற்பது' வெண்பாவில் அமைந்தது. வெண்பாவில் கடைசி அடி தவிர மற்ற அடிகளுக்கு நான்கு சீர். சின்னத் திரையில் நான்காவது சீர் அடுத்த வரிக்கு விழுந்தால், அது புது அடியா, பழைய அடியின் மிச்சமா என்று தெரியாமல் போய்விடும். அதனால், மடிந்து விழும் பகுதி சற்று உள்ளே தள்ளி வரும்படி அமைக்க வேண்டும். உரைநடைக்குச் செய்வதுபோல இருபுறமும் இழுத்துச் சமப்படுத்தவும் கூடாது. தமிழில் நீளமான சொற்கள் அதிகம் என்பதால், அப்படிச் செய்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டைப் பல் மாதிரி இடைவெளி விழும்.

அடிக்குறிப்பு, உள்ளடக்கம் இரண்டிலும் தொட்டால் அந்த இடத்துக்குப் போகும் இணைப்பு இருக்கட்டும். அச்சுப் பதிப்பின் பக்க எண்ணையும் உள்ளே குறித்து வைத்தால், ஆராய்ச்சி மாணவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

தேடினால் கிடைக்கணுமே!

ஊர்ப் பெயரையே பாருங்கள். திருவண்ணாமலை, அண்ணாமலை, அருணாசலம், அருணாச்சலம்... எல்லாம் ஒன்றைத்தான் குறிக்கும். ஆசிரியர் பெயரோ ரமண மகரிஷி, ரமண மஹர்ஷி, பகவான் ரமணர் என்று மாறி மாறி அட்டையில் இருக்கும். இயற்பெயர் வேங்கடராமன். ஆங்கிலத்தில் தேடுபவர் எந்த ஸ்பெல்லிங் போடுவார் என்று யாருக்குத் தெரியும்?

நூலகர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பெயரைத் தலைமைப் பெயராகத் தேர்ந்தெடுத்து, மற்ற எல்லாப் பெயர்களையும் அதனோடு கட்டிவிடுவார்கள். எதைத் தட்டினாலும் ஒரே அலமாரிக்கு வந்து சேரலாம். ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், ஆண்டு, பதிப்பு எண், மொழி, மூல மொழி, உரிமை என்று விவரக் குறிப்பு எழுதணும். 1995-ல் உருவாகத் தொடங்கிய 'டப்ளின் கோர்' என்ற முறையில் இதற்காக 15 அடிப்படைக் கட்டங்கள் இருக்கின்றன. வீட்டு நூலகத்துக்கு ஓர் எக்செல் தாளே போதும்.

தமிழ் இலக்கணமும் தேடலில் விளையாடும். 'மரம்' என்று தேடினால், 'மரத்தை', 'மரத்தடியில்' என்று இருக்கும் பக்கங்கள் சாதாரணத் தேடலில் வராது. வேர்ச்சொல் தெரிந்த தேடுபொறி வேண்டும். அது கிடைக்காவிட்டால், 'சொல்லின் முதல் பகுதியை மட்டும் தட்டுங்கள்' என்று தேடல் பெட்டிக்குக் கீழேயே ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

அகர வரிசையிலும் சிக்கல் உண்டு. ரமணரின் 'அட்சரமணமாலை'யில் 108 கண்ணிகள். அவற்றின் முதல் எழுத்துகள் அகர வரிசையில் நடக்கும். ஆனால், நம் அகர வரிசையும் யூனிகோட் எண் வரிசையும் ஒன்றல்ல. யூனிகோடில் 'ந'வுக்கு அடுத்து 'ன' வந்துவிடும். நமக்கோ 'ன' கடைசி மெய். எண் வரிசைப்படி அடுக்கினால் 'அப்பம்' பின்னால் போய், 'அனல்' முன்னால் வந்து நிற்கும். தமிழ் வரிசையைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தால்தான் கணினி ஒழுங்காக அடுக்கும்.

யாரைக் கேட்டுப் போடுவது?

இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. ரமணர் மறைந்தது 1950 ஏப்ரல் 14. இந்தக் கணக்கில், அவர் வாழ்நாளில் வெளியான அவருடைய எழுத்துகளுக்குக் காலம் 2010-ம் ஆண்டோடு முடிகிறது. 'அப்போ எல்லாத்தையும் போட்டுடலாமா?' அவசரப்படாதீங்க. மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பாளர் உரிமை தனி. உரைக்கு, முன்னுரைக்கு, போட்டோவுக்குத் தனித்தனி உரிமை. அட்டை முதல் அட்டை வரை ஒரே ஆளுடையது என்று எந்தப் புத்தகத்தையும் நினைத்துவிட வேண்டாம்.

உரிமை வைத்திருப்பவரே திறந்துவிட்டால் எல்லோருக்கும் லாபம். ஆர்தர் ஆஸ்போர்ன் ஆசிரியராக இருந்து 1964 ஜனவரியில் தொடங்கிய 'தி மவுன்டன் பாத்' இதழின் பழைய பிரதிகளை ரமணாசிரமத்தின் இணையதளத்திலேயே படிக்கலாம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களும் இப்படித்தான் பொதுவுக்கு வந்தன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் 'தமிழ் மின்நூலகம்' தளத்தில் அரிய நூல்கள், இதழ்கள், சுவடிகள் என்று தேடித் தேடிப் படிக்கலாம்.

காதால் படிப்பவர்களுக்கும்...

பார்வையற்றவர்களின் போன் எழுத்தை வாசித்துக் காட்டும். ஆனால் வெறும் படமாக இருக்கும் பிடிஎஃப்பைத் திறந்தால் அது மௌனமாகிவிடும். ஒழுங்கான யூனிகோட் ஈபப் என்றால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவியும் படிக்கலாம். பார்வையற்றோருக்கான நூல்களைப் பற்றிய 2013 மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. ஆனால், நாம் படமாகவே விட்டுவைத்தால் அந்தச் சட்டத்தால் என்ன பயன்? ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு வரி விளக்கம் எழுதுவதும் இதில் சேர்த்தி.

ஒரே இடத்தில் வைக்காதீங்க!

1981 மே 31 இரவு தொடங்கி, யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அதில் இருந்தன. எதைக் கொடுத்தும் அவற்றை இனி வாங்க முடியாது. 2005-ல் ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்க்கத் தொடங்கிய 'நூலகம்' திட்டத்தின் அருமை, இந்த இழப்பை நினைத்துப் பார்த்தால்தான் புரியும்.

இந்தப் பக்கம் செட்டிநாட்டின் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சுமார் 1 லட்சம் நூல்கள், இதழ்கள், நோட்டீஸ்கள் வரை சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு, 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. யாரும் முன்வராமல் இருந்திருந்தால் அத்தனையும் சிதறியிருக்கும்.

கணினிக் கோப்புக்குத் தீ தேவையில்லை. ஹார்டு டிஸ்க் ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுவிடும். பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் காலமாகிவிடுவார். தளத்துக்கு வருடச் சந்தா கட்ட மறந்துவிடுவோம். இதற்கு 3-2-1 விதியைச் சொல்வார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு ஊரில். வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது கோப்புகளையும் திறந்து பாருங்கள். திறக்காத பிரதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம்

* பத்தே புத்தகம் எடுங்கள். அதில் ஏற்கெனவே இணையத்தில் இருப்பவற்றைத் தேடிப் பார்த்து ஒதுக்குங்கள். வேறெங்கும் இல்லாததற்கே முதல் மரியாதை. கையெழுத்து நோட்டு, ஊர்க் கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர் எல்லாம் இந்த ரகம்தான்.

* ஸ்கேன் செய்யும் முன் விவரக் குறிப்பை எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் எழுதவே மாட்டோம்.

* கோப்பின் பெயரில் நூல், ஆண்டு, பக்க எண் மூன்றும் இருக்கட்டும். 'நியூ ஃபோல்டர் 2' என்று வைத்தால் உங்களுக்கே நாளைக்குத் தெரியாது.

* மெய்ப்பு பார்க்க வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். பழைய எழுத்து அவர்களுக்குத் தண்ணிபட்ட பாடு.

* பிடிஎஃப் ஒன்று, ஈபப் ஒன்று என்று இரண்டாகவே வெளியிடுங்கள். உரிமைச் சிக்கல் இல்லாதவற்றைப் பொதுத் தளங்களுக்கும் கொடுங்கள். நான்கு இடத்தில் இருந்தால்தான் பத்திரம்.

கடைசியாக ஒரு விஷயம். ஸ்கேன் முடிந்த கையோடு அசல் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இன்றைய கேமரா பார்க்காத பென்சில் குறிப்பை, நாளைய கேமரா பார்க்கும். வேப்பிலை போட்டு, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். பட்டியலில் 'அசல் எங்கே இருக்கிறது?' என்று ஒரு கட்டம் சேர்த்து, அதை நிரப்பிய பிறகு அடுத்த புத்தகத்தைக் கையில் எடுங்கள்.